மே மாதப் பொக்ரானில் அளந்தீர்களா?

2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 பாகை செல்சியஸ் பதிவானது. அன்று பிற்பகல் அந்நகரின் ரூ பஜோல் தெருவில் யாராவது தெர்மல் கேமராவைத் தெருப்பக்கம் திருப்பியிருந்தால், மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு வந்துபோனவர்கள் பளிச்சென்று தெரிந்திருக்க மாட்டார்கள். காய்ந்த தார்ச்சாலை தோலைவிடச் சூடு. அதன்மேல் மனிதர்கள் கறுத்த உருவங்கள். தரையும் தோலும் ஒரே வெப்பநிலைக்கு வரும் நிழலோரத்தில் ஆளே காணாமல் போவார். சற்றுத் தள்ளி ஆல் பஜோல் கட்டடத்தின் கூரையில் உள்ள சூரியத் தகடுகள் வேறொரு பொய் சொல்லும். அவற்றின் கண்ணாடி குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால், கொதிக்கும் தகடும் ஆறியதுபோலத் தோன்றும்.

இந்தியாவின் நாக் ஏவுகணையைப் பல ஆண்டுகள் அலைக்கழித்ததும், சூடான பின்னணியில் இலக்கு கரைந்துபோகும் இந்தச் சிக்கல்தான். 1983இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் நாக் பீரங்கி வண்டிகளை அழிப்பதற்கானது. செலுத்தும் முன்பே இலக்கின் அகச்சிவப்புப் படத்தைத் தேடுகருவி பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஏவியவர் தலையிடத் தேவையில்லை. ஆனால் ராஜஸ்தான் கோடையில் மணலும் இரும்பும் ஒன்றாகக் காய்ந்தபோது, 4 கி.மீ. தொலைவில் இருந்த வண்டி பின்னணியில் கரைந்தது. நெருங்கினால்தான் பிடிபட்டது. ஐதராபாத்தின் ஆர்.சி.ஐ. ஆய்வகம் தேடுகருவியை மேம்படுத்த, கூடுதல் உணர்திறன் கொண்ட உணரிகள் பிரான்சின் சோஃப்ராதிர் நிறுவனத்திலிருந்து போயின. 2017 ஜூனில், உச்ச வெயிலில், மறுபடி சோதித்தார்கள். இறுதிச் சோதனை ராஜஸ்தானின் பொக்ரானில் 2020 அக்டோபர் 22 அன்று முடிந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. வெயிலின் பங்கு மட்டும் சிறியதல்ல.

பாரிஸின் லா சப்பல் பகுதி வாசகர்கள் பலருக்கு, வெப்பம் தேடும் ஏவுகணை என்றதும் 1995 ஏப்ரல் இறுதியில் இலங்கையின் பலாலிக்கு அருகே அடுத்தடுத்த நாட்களில் வீழ்த்தப்பட்ட இரண்டு ஆவ்ரோ விமானங்களும் அவற்றில் மாண்டவர்களும் நினைவுக்கு வரலாம். தோளில் வைத்து ஏவும் அந்த வகைக் கருவிக்குப் படம் தேவையில்லை. குளிர்ந்த வானத்தில் சூடான எந்திரம் ஒன்று இருந்தால் போதும். தரை அப்படி இரக்கம் காட்டாது. அங்கே பின்னணியும் ஒளிர்கிறது, அதுவும் மணிக்கு மணி மாறி மாறி.

ஓரிடத்துக்குப் பொருந்தியதை எல்லா இடத்துக்கும் பொருத்தும் பிழை, அகச்சிவப்பு அலைவரிசையைத் தேர்வதிலும் நடக்கிறது. 300 கெல்வினில் ஒரு பாகை வேறுபாடு 10 மைக்ரானில் ஒளிர்வைச் சுமார் 1.6 சதவீதம் மாற்றும். 4 மைக்ரானில் சுமார் 4 சதவீதம். ஆனால் 8–12 மைக்ரானில் கிடைக்கும் ஃபோட்டான்கள் பன்மடங்கு அதிகம் என்பதால், வறண்ட பாலையில் அந்த வரிசையைக் குறை சொல்ல முடியாது. மன்னார் வளைகுடாவின் ஈரக்காற்றில் கதை வேறு. நீராவி 8–12இல் கணிசமாக விழுங்கிவிடும். தொலைவு கூடக்கூட 3–5 மைக்ரான் வரிசை முந்தும். பிரான்சின் கிரெனோபிள் நகரக் குளிர்காலத்தில் எடுத்த முடிவை ராமேஸ்வரத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் நமக்கு வரும் விவரத்தாள்களில் முதல் வரி, உணரி பிரித்தறியும் மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாடு 20 மில்லிகெல்வின் என்று பெருமையோடு நிற்கிறது. ஆய்வக அறையில், சுமார் 25 பாகையில் வைத்த கரும்பொருளைப் பார்த்து எடுத்த எண் அது. உணரி நல்லது என்பதற்கு அது சான்றுதான். இலக்குக்கும் மண்ணுக்கும் இடையே வேறுபாடே எஞ்சாத வேளையில் தேடுகருவி என்ன செய்யும் என்பதற்கு அதில் பதிலில்லை. இலக்கைத் தவறவிடுவதைவிட எனக்கு அச்சமூட்டுவது, மங்கிய உருவத்தை அது வேறொன்றாக எடுத்துக்கொள்வது. விடியற்காலை வயலோரத்தில் நிற்கும் டிராக்டருக்கும் எந்திரச் சூடு உண்டு, பெட்டி வடிவமும் உண்டு. ஏவிய பிறகு யாரும் தலையிட முடியாத கருவி என்றால், உருவம் தெளியாதபோது இலக்கைப் பூட்டிக்கொள்ள (பிடித்துக்கொள்ள) மறுப்பதும் அதன் திறனாக அளக்கப்பட வேண்டும். அந்த அளவையைச் சோதனை அறிக்கைகளில் அரிதாகவே பார்க்கிறேன்.

அடுத்த இதழ் முதல், தேடுகருவி பற்றிய கட்டுரைகளில் பின்னணி வெப்பநிலை, ஈரப்பதம், அளந்த மாதம், மணி ஆகியவை இடம்பெற வேண்டும். தவறாகப் பூட்டிய முயற்சிகளின் விகிதமும் வேண்டும். ஆய்வக எண் மட்டும் உள்ளவற்றை மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பப் போவதில்லை.