பின்தொடரும் விளம்பரமும் கைகட்டி நிற்கும் அரசும்

இணையக் கடையொன்றில் ஒருவர் தையல் இயந்திரத்தின் விலையைப் பார்க்கிறார். வாங்காமல் பக்கத்தை மூடிவிடுகிறார். சற்று நேரத்தில் அவர் செய்தி படிக்கும் தளத்தில் அதே தையல் இயந்திரம் வந்து நிற்கிறது. மாலையில் முகநூலிலும் அதே இயந்திரம், சிறு தள்ளுபடியுடன். மறுநாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் இடத்திலும் அதுவே. சிலர் இதைத் தற்செயல் என்று எண்ணுகின்றனர். செல்பேசி தங்கள் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். ஆனால், இது தற்செயல் அல்ல. இதைச் செய்து முடிக்க யாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்க வேண்டியதும் இல்லை. விளம்பரத் தொழில் இதற்கு ‘ரீடார்கெட்டிங்’ என்று பெயர் சூட்டியுள்ளது. தமிழில் மறுகுறிவைப்பு எனலாம். தப்பிய இரையை மீண்டும் குறிவைக்கும் வேட்டைக்காரனின் சொல் அது.

எரிச்சலூட்டும் சிறு தொல்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய ஏகபோகங்கள் இரண்டின் வருவாய் இதுபோன்ற விளம்பரங்களின் மீதுதான் நிற்கிறது. கோடிக்கணக்கான மக்களின் அன்றாட நடமாட்டம் அதற்குக் கச்சாப் பொருளாகிறது. இந்தியாவில் அந்தக் கச்சாப் பொருளை அள்ளிச் செல்வதற்கு ஏறத்தாழ எந்தத் தடையும் இல்லை. இதற்கான பொறுப்பை ஒன்றிய ஆட்சியாளர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

வலை விரிக்கப்படும் விதம்

இணையத்தளம் ஒன்று, வந்துபோனவரை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் சிறு கோப்புக்குக் ‘குக்கி’ என்று பெயர். 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுலி இதை உருவாக்கினார். இணையக் கடையில் ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள்கள் அடுத்த பக்கத்திற்குச் செல்லும்போது மறந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. மக்களின் வசதிக்காகப் பிறந்த அந்த நினைவுச் சீட்டு, சில ஆண்டுகளிலேயே வேவு பார்க்கும் சீட்டாக மாற்றப்பட்டது.

இன்று ஒரு வணிகத்தளத்தைத் திறந்தால், அந்தத் தளத்துடன் மட்டும் தொடர்பு ஏற்படுவதில்லை. கூகுள், மெட்டா போன்ற விளம்பர நிறுவனங்களின் கண்ணுக்குத் தெரியாத சிறு நிரல்கள் அந்தப் பக்கத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. வந்தவர் எந்தப் பொருளைப் பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார், கூடையில் எதைப் போட்டார், பணம் செலுத்தாமல் எந்த இடத்தில் திரும்பினார் ஆகிய அனைத்தும் ஓர் அடையாள எண்ணுடன் சேர்த்து அந்த நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ‘கடந்த 30 நாட்களில் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள்’ என்று ஒரு பட்டியலை விளம்பரதாரர் தயாரித்துக்கொள்ள முடியும். அவரவர் பார்த்த அதே பொருளின் படமும் விலையும் அவரவர் திரையில் தானாகவே பொருத்தப்படும்.

அந்த எண்ணுக்குரியவர் வேறொரு தளத்தைத் திறக்கும்போது, அங்கு காலியாக உள்ள விளம்பர இடம் உடனே ஏலத்திற்கு வருகிறது. பக்கம் திறந்து முடிவதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், ஏலம் முடிந்துவிடுகிறது. ஏலத்தில் வெல்பவர் ஒருவர்தான். ஆனால் பார்வையாளரைப் பற்றிய விவரங்கள் ஏலத்தில் பங்கேற்ற அனைவருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தோற்றவர்கள் அந்த விவரங்களை என்ன செய்கிறார்கள் என்பதை அறிய, விவரத்துக்கு உரியவருக்கு எந்த வழியும் இல்லை.

தையல் இயந்திரம் விஷயத்தில் இது சிறு உறுத்தலாகத் தோன்றலாம். சிறுநீரக நோய்க்கு மருத்துவமனை தேடியவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் தேடியவர், வேலை பறிபோன பின் புதிய வேலை தேடியவர் ஆகியோரின் நிலை என்ன? அவர்கள் விட்டுச்சென்ற தடமும் இதே சந்தைக்குத்தான் போகிறது. ஒருவரின் நெருக்கடி எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறதோ, அவ்வளவு விலை உயர்ந்த சரக்காக அவர் மாறுகிறார். அமெரிக்காவில் இணையவழி மனநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ஆலோசனை நாடி வந்தவர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக முகநூல் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்துகொண்டது என்று அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. 78 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. மனத்துயரம்கூட விளம்பரப் பட்டியலில் ஒரு வரியாக முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

யாருடைய பணம், யாருடைய லாபம்?

2024ஆம் ஆண்டில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வருவாய் ஏறத்தாழ 35,000 கோடி டாலர். இதில் 26,000 கோடி டாலருக்கும் மேல் விளம்பரங்களிலிருந்து வந்தது. அதே ஆண்டில் மெட்டாவின் வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதில் ஏறத்தாழ முழுவதுமே விளம்பர வருவாய்தான். தேடுபொறி, மின்னஞ்சல், முகநூல் அனைத்தும் ‘இலவசம்’ என்று சொல்லப்படுவதன் உட்பொருள் இதுதான்.

இந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. சரக்கை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஆகும் செலவு புதிய மதிப்பை உருவாக்குவதில்லை; உற்பத்தியில் பிறந்த உபரி மதிப்பிலிருந்துதான் அது ஈடுகட்டப்படுகிறது என்று மூலதனம் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். ஆயினும் தேங்கிய சரக்கு விரைவில் பணமாக மாறினால் மூலதனம் வேகமாகச் சுழலும். ஆகவே அந்தச் செலவைச் செய்யாமல் எந்த முதலாளியாலும் இருக்க முடியாது. ஏகபோக முதலாளித்துவத்தின் காலத்தில் விற்பனை முயற்சி எவ்வளவு பிரம்மாண்டமாக வளர்கிறது என்பதை 1966இல் பாரனும் ஸ்வீசியும் எடுத்துக்காட்டினர். மறுகுறிவைப்பு அந்த வளர்ச்சியின் அடுத்த படி. விற்பனை வாயிலையே கைப்பற்றிக்கொண்ட இரண்டு மூன்று நிறுவனங்கள், உலகின் உற்பத்தியாளர்கள் அனைவரிடமிருந்தும் வாடகை வசூலிக்கின்றன. தொழிற்சாலையிலும் வயலிலும் பணிமனையிலும் உழைப்பவர் படைத்த மதிப்பின் ஒரு பகுதியே அந்த வாடகையாகச் செல்கிறது.

‘சிறு வணிகருக்கும் பெரு நிறுவனத்துக்கும் சமவாய்ப்பு தருவது இணைய விளம்பரம்தான்’ என்பது இத்தொழிலின் வழக்கமான வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. மொராதாபாத்தில் பித்தளைப் பாத்திரம் செய்யும் சிறு பட்டறைக்காரர் சில நூறு ரூபாயில் தொலைதூர வாடிக்கையாளரை எட்ட முடிகிறது. ஆனால் நடப்பதை முழுமையாகப் பார்க்க வேண்டும். அவர் தம் தளத்தில் பதிக்கும் நிரல், அவருடைய வாடிக்கையாளர்கள் பற்றிய அறிவை விளம்பர நிறுவனத்துக்கு இனாமாகக் கொடுக்கிறது. அந்த அறிவைக் கொண்டு, அதே வாடிக்கையாளர்களை ஒத்தவர்களின் பட்டியல் அவருடைய போட்டியாளருக்கும் விற்கப்படுகிறது. பிறகு தம் சொந்த வாடிக்கையாளரை மீண்டும் எட்டுவதற்கே அவர் ஏலத்தில் பணம் கட்டுகிறார். அந்த ஏலத்தில் அவருக்கு எதிரே நிற்பவை வால்மார்ட்டுக்குச் சொந்தமான பிளிப்கார்ட்டும் அமேசானும். இதைச் சமவாய்ப்பு என்று அழைப்பது சொல்லின் பொருளையே கெடுப்பதாகும்.

எப்படியும் வாங்க வந்திருக்கக்கூடியவருக்கே விளம்பரத்தைக் காட்டிவிட்டு, ‘விற்பனை எங்களால் நடந்தது’ என்று கணக்கு எழுதும் வாய்ப்பும் இதில் உண்டு. தேடுபொறி விளம்பரத்தில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. தங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய கட்டண விளம்பரங்களை ஈபே நிறுத்திப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ அனைவரும் விளம்பரம் இல்லாமலே தளத்துக்கு வந்து சேர்ந்தனர் என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டறிந்தனர். பெரிய நிறுவனத்தால் இத்தகைய சோதனையை நடத்திப் பார்க்க முடிந்தது. சிறு பட்டறைக்காரருக்கு விளம்பர நிறுவனம் கொடுக்கும் கணக்கே வேதவாக்கு.

இந்தச் சந்தையில் நடுவரும் ஆட்டக்காரரும் ஒருவரே. விளம்பர இடத்தை விற்பவரின் கருவியும், ஏலம் நடக்கும் சந்தையும், வாங்குபவரின் கருவியும் கூகுளின் கையில் உள்ளன. இந்த விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டியது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழித்துவிடுவதாக 2020இல் கூகுள் அளித்த வாக்குறுதியும் பலமுறை தள்ளிப்போடப்பட்டு, இறுதியில் கைவிடப்பட்டது. வேவு பார்ப்பதால் வாழும் நிறுவனம் வேவுக்குத் தானே முற்றுப்புள்ளி வைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

சட்டம் யார் பக்கம்?

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை மறுத்து அவ்வழக்கில் வாதாடியது மோடி அரசு. தீர்ப்புக்குப் பின் சட்டம் இயற்ற ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2023இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தத் தடைக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டுள்ளது. பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு இருப்பது ‘ஒப்புதல்’ என்ற ஒரே கேடயம். அவசரத்தில் இருப்பவர் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அந்தக் கேடயமும் கைநழுவிப் போகிறது.

சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை அரசின் கருவூலத்துக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இழப்பீடு கோர வழி வகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிப்பதும் ஒன்றிய அரசு.

2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது அரசின் வர்க்கச் சார்பு இன்னும் தெளிவானது. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. ஆனால், தனிநபர் தகவல் என்ற பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முடமாக்கும் திருத்தம் உடனடியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ரேஷன் கடையிலும் நூறுநாள் வேலைத் திட்டத்திலும் நடக்கும் முறைகேட்டை அம்பலப்படுத்தக் குடிமக்கள் பயன்படுத்திய ஆயுதம் அன்றே மழுங்கடிக்கப்பட்டது. குடிமக்களை வேவு பார்ப்போருக்கோ ஒன்றரை ஆண்டு விடுமுறை.

ஐரோப்பாவில் நிலைமை முழுக்கத் திருப்திகரமானது அல்ல. ஆனாலும், மறுகுறிவைப்பையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட கிரிட்டியோ நிறுவனத்துக்கு 2023 ஜூனில் பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4 கோடி யூரோ அபராதம் விதித்தது. மக்களின் ஒப்புதல் உண்மையில் பெறப்பட்டதா என்பதை அந்நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. தனியுரிமை அமைப்புகள் அளித்த புகாரே அந்த விசாரணைக்கு வித்திட்டது. மக்கள் அமைப்புகள் நெருக்கினால் மூலதனத்தைக் கணக்குக் கேட்க முடியும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

விட்டுக்கொடுக்கப்பட்ட வரி

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தியாவிலிருந்து செல்லும் இணைய விளம்பரக் கட்டணத்தின் மீது 2016இல் 6 சதவீதச் சமன்படுத்தும் வரி கொண்டுவரப்பட்டது. மக்கள் அதைக் ‘கூகுள் வரி’ என்றனர். இந்தியரின் தரவைக் கொண்டு இந்தியரிடம் விற்று ஈட்டும் வருவாயில், இங்கு அலுவலகம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி நழுவ முடியாமல் செய்த எளிய வரி அது. 2025 ஏப்ரல் 1 முதல் அதுவும் ஒழிக்கப்பட்டது. டிரம்ப் நிர்வாகம் பதிலடி வரிகளைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சுயசார்பு பற்றி மேடைதோறும் முழங்குவோர், வரி விதிக்கும் இறையாண்மையைச் சத்தமின்றி ஒப்படைத்தனர். பலன் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அடுத்த சில மாதங்களில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா கடும் வரிகளை விதித்தது.

இந்திய ஏகபோகங்கள் இதற்கு மாற்று என்று எண்ணுவதும் மயக்கமே. ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் 2020இல் மெட்டா 43,574 கோடி ரூபாயும் கூகுள் 33,737 கோடி ரூபாயும் முதலீடு செய்தன. வலை விரிப்பவர்களும் வலைக்கு வழிவிடுபவர்களும் கூட்டாளிகளாகவே இருக்கின்றனர்.

முன்னெடுக்க வேண்டிய கோரிக்கைகள்

விளம்பரமே கூடாது என்பது கோரிக்கை அல்ல. ஆளைப் பின்தொடராமல், பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு ஏற்ப விளம்பரம் செய்வது சாத்தியமே. சமையல் பக்கத்தில் அடுப்பு விளம்பரம் வைக்க எவரையும் வேவு பார்க்கத் தேவையில்லை. நெதர்லாந்துப் பொது ஒளிபரப்பின் விளம்பர நிறுவனம் 2020இல் குக்கிகளைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறியது. வருவாய் வீழ்ந்துவிடும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை.

ஆகவே, தளம் விட்டுத் தளம் பின்தொடர்ந்து விளம்பரம் செய்வதை எல்லா வயதினருக்கும் தடை செய்ய வேண்டும். உடல்நலம், கடன், வேலை தொடர்பான தேடல்களுக்கு இத்தடை உடனே பொருந்த வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியம் அரசின் பிடியிலிருந்து விடுபட்டு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பாக வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டு உரிமை மீண்டும் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். கூகுள் வரி மீண்டும் விதிக்கப்பட வேண்டும்.

இயக்கத்துக்குள்ளும் ஒரு கடமை இருக்கிறது. தொழிற்சங்கங்களும் வெகுஜன அமைப்புகளும் இணையத்தளங்கள் நடத்துகின்றன. உறுப்பினர் படிவங்களையும் நன்கொடைப் பக்கங்களையும் இணையத்தில் திறக்கின்றன. அவற்றை வடிவமைத்துக் கொடுப்பவர் வழக்கம்போல் விளம்பர நிறுவனங்களின் நிரல்களைப் பதித்துவிட்டால், வேலைநிறுத்த நிதிக்குப் பணம் அனுப்ப வந்த தொழிலாளியின் தடமும் அந்த நிறுவனங்களின் பட்டியலில் ஏறிவிடும். ஒவ்வோர் அமைப்பும் தன் தளத்தைச் சோதித்து, அத்தகைய நிரல்களை அகற்ற வேண்டும். இதற்குப் பெரும் செலவு ஆகாது. சிறு வணிகர் சங்கங்களோடும், ஆன்லைன் நிறுவனங்களின் விநியோகத் தொழிலாளர்களோடும், தகவல் உரிமை ஆர்வலர்களோடும் இது குறித்து உரையாடலைத் தொடங்க வேண்டும். இவர்கள் அனைவரின் எதிரே நிற்பது ஒரே ஏகபோக மூலதனம்தான். ஒவ்வொரு பகுதியினரும் அதன் ஒவ்வொரு கையை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். முழு உருவத்தையும் அவர்களுக்குக் காட்டுவது இடதுசாரிகளின் பணி.