ஓய்ந்தது வேறு, ஒழிந்தது வேறு

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்திலிருந்து அன்பர் ஒருவர் நம்மைப் பார்க்க வந்திருந்தார். மோட்டார் வண்டித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர். ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த கிராமத்தில் அவருடைய தகப்பனார் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். சென்ற வருஷம் பெரியவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டார்கள். 'பி.எஸ்.ஏ.' என்னும் இரத்தப் பரிசோதனை அளவு மளமளவென்று இறங்கிற்று. பெரியவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வியாதி போய்விட்டதப்பா. இனி ஆஸ்பத்திரி வேண்டாம். உனக்கும் ஒரு நாள் சம்பளம் மிச்சம்."

"அப்பா சொல்வது சரிதானா?" என்று அன்பர் நம்மைக் கேட்டார். சரியன்று என்றோம். அதன் காரணத்தை நேயர்களுக்கும் சொல்லுவது நம் கடமை.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில் உள்ள சிறு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய், ஆண்மைச் சுரப்பு நீரை உண்டு வளருவது. அந்த நீரைத் தடுத்தால் நோய் ஒடுங்கும் என்பதை 1941-ம் வருஷத்தில் சிக்காகோ நகரத்து டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அதுவே அடிப்படைச் சிகிச்சை. பெரியவருக்குப் போட்ட ஊசியும் அந்த வழியைச் சேர்ந்ததே.

ஆனால் பரவிய நோய் பெரும்பாலும் அத்துடன் விடுவதில்லை. சில காலம் அடங்கியிருந்து, சுரப்பு நீர் இல்லாமலேயே வளரக் கற்றுக்கொண்டு மீண்டும் தலைதூக்குகிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாக விஞ்ஞானிகள் இப்போது ஊன்றி ஆராய்வது, உயிரணுக்களின் மூப்பு.

மனிதனுக்கு மட்டுமல்ல, அவனுடைய உயிரணுவுக்கும் மூப்பு உண்டு. சாதாரண உயிரணு ஒரு கணக்குக்கு மேல் பிளந்து பெருகாது என்று 1961-ல் அமெரிக்காவில் ஹேய்ஃபிலிக், மூர்ஹெட் என்னும் இருவர் நிரூபித்தார்கள். வயதினால் மட்டுமின்றி, கதிர்வீச்சாலும் கடும் மருந்தாலும் அடிபட்ட உயிரணுவும் இந்த நிலையை அடையலாம். அது பெருகுவதில்லை, சாவதும் இல்லை.

பெருகாவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஓரளவு நல்லதுதான். இந்த மூப்பே புராஸ்டேட் புற்று முற்றாமல் தடுக்கும் வேலியாக இருக்கிறதென்று 2005-ல் எலிகளில் செய்த சோதனை காட்டிற்று. ஆனால் கதையின் மறுபாதியும் இருக்கிறது. மூப்படைந்த உயிரணு சும்மா இருப்பதில்லை. பலவகை ரசங்களைச் சுற்றிலும் கசியவிடுகிறது என்று 2008-ல் ஜூடித் காம்பிஸி அம்மையாரும் அவர் குழுவினரும் விளக்கினார்கள். 2012-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இன்னும் கவலை தருவது. மருந்தினால் அடிபட்ட அண்டைத் திசுவின் உயிரணுக்களிலிருந்து ஒரு புரதம் கசிந்து, தப்பிப் பிழைத்த புராஸ்டேட் புற்றணுக்களுக்கு அந்த மருந்தையே எதிர்க்கும் பலத்தைக் கொடுத்ததாம்.

ஒரகடத்து அன்பருக்கு இதை அவர் ஊர் வழக்கிலேயே சொன்னோம். ஓர் ஆலையின் இயந்திரங்கள் நின்றுவிட்டன. வாயிலில் பூட்டும் தொங்குகிறது. ரஸ்தாவில் போகிறவன் "ஆலை செத்துவிட்டது" என்கிறான். ஆனால் உள்ளே முற்றத்தில் ரசாயனப் பீப்பாய்கள் துருப்பிடித்துக் கசிகின்றன. மழை பெய்தால் அந்த நீர் ஏரிக்கு வருகிறது. ஆலை சாகவில்லை, ஓய்ந்திருக்கிறது என்பது ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவனுக்கல்லவா தெரியும்!

பீப்பாய்களை அப்புறப்படுத்த வழியில்லையா? மூத்த உயிரணுக்களை மட்டும் தேடி அழிக்கும் மருந்துகளை இப்போது சோதித்து வருகிறார்கள். 2015-ல் முதலில் பேசப்பட்ட ஜோடி, தாசாடினிப் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தும், வெங்காயத்தில் உள்ள குவெர்செடின் என்னும் பொருளும். இதைக் கேட்டு யாரும் வெங்காயத்தை மூட்டையாக வாங்கிவிட வேண்டாம். குவெர்செடின் மாத்திரையைத் தாமாக விழுங்கவும் வேண்டாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு இம்முறை இன்னும் சிகிச்சையாக நிலைபெறவில்லை. முதலில் நோயை ஓயச் செய்து, பிறகு ஓய்ந்ததை ஒழிப்பது என்னும் எண்ணம் ஆராய்ச்சிச் சாலையில்தான் இருக்கிறது.

ஆகையால் இன்று நம் கையில் இருக்கும் ஆயுதம் விழிப்பு ஒன்றே. பி.எஸ்.ஏ. இறங்கியது நல்ல சமாசாரம். ஆனால் அது விடுதலைப் பத்திரம் ஆகாது. ஊசியைத் தொடர்வதா, இடைவிடுவதா, மாற்றுவதா என்பதை டாக்டர் தீர்மானிக்க வேண்டும். அதற்குக் குறித்த நாளில் பரிசோதனை நடந்தாக வேண்டும். அளவு மறுபடி ஏறுவதை உரிய காலத்தில் கண்டால், அபிராடிரோன், என்ஸலூடமைட் முதலிய மருந்துகளைக் கொண்டு நோயை மேலும் சில காலம் கட்டி வைக்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால், காஞ்சீபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் 1969-ம் வருஷம் தொடங்கிய சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. எட்டாத தூரம் அன்று.

நம் ஆண்மக்களுக்கு இவ்வியாதியைப் பற்றிப் பேசவே கூச்சம். அதனினும் பெரிய தடை, பிள்ளையின் கூலியைக் கெடுக்கலாகாது என்னும் பாசம். அந்தப் பாசத்தை நாம் வணங்குகிறோம்; ஆனால் அது போடும் கணக்கு தப்பு. ஒரு நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய், தகப்பனாருடன் கழிக்கக்கூடிய வருஷங்களை இழக்க எந்தப் பிள்ளை சம்மதிப்பான்?

"இதைத்தான் அப்பாவிடம் சொல்லப் போகிறேன்" என்று அன்பர் எழுந்தார். சொன்னால் மட்டும் போதாது, வரும் பரிசோதனை நாளுக்கு இப்போதே ஷிப்டை மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.