வானிலிருந்து எடுத்த படத்துக்கு விலை எதற்கு?

நம் நாட்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. மக்காச்சோளத்தையும் சோயா மொச்சையையும் மேய்ந்து தீர்க்கும் மான் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளில் ஒன்றாக, மாநில அரசுகளே உரிமச் சீட்டு கொடுத்து இலையுதிர் காலத்தில் வேட்டைக்கு அனுமதிக்கின்றன. புறப்படுபவருக்குத் துப்பாக்கிக்கு அடுத்தபடி தேவைப்படுவது அந்த இடத்தின் படம். மலைச் சரிவுகளில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. கடுங்குளிரில் பாட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே காகிதப் படத்துக்கு இன்றும் மவுசு உண்டு.

பளபளப்பான தாளில் ‘செயற்கைக் கோள் படம்’ அச்சிட்டு விற்போர் அங்கு இருக்கிறார்கள். பணம் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். வரிப்பணத்தில் எடுத்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் தெளிவானவை பலவும் செயற்கைக் கோள் எடுத்தவையே அல்ல, விமானத்திலிருந்து எடுத்தவை. எடுப்பவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க விவசாயத் துறையினர்! பயிர் நிற்கும் பருவத்தில் நிலங்களைப் பார்வையிட 2003-ல் தொடங்கிய திட்டம் அது. ஒரு மீட்டர் அகலப் பொருளும் அதில் தெரியும். பின்னாளில் எடுத்தவற்றில் அதற்கும் சிறியவை தெரிகின்றன.

லாண்ட்சாட் செயற்கைக் கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட் நிலம் ஒரே புள்ளியாகிவிடுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி சுமார் இரண்டரை சென்ட். காடு எது, வயல் எது, தீயில் கருகிப் புதுப்புல் முளைத்த இடம் எது என்று அறிய இவை போதும். வேலியையும் ஒற்றையடிப் பாதையையும் தேட விமானப் படமே வேண்டும்.

லாண்ட்சாட் படங்களும் ஒரு காலத்தில் விலைக்குத்தான் விற்றன. 1980-களில் விற்பனை தனியாரிடம் போனபோது ஒரு படம் நாலாயிரம் டாலரையும் தாண்டியது. விற்பனை உச்சத்தில் இருந்த 2001-ல் கூட ஆண்டு முழுவதும் போனவை சுமார் 25,000 படங்கள்தான். 2008-ல் இலவசமாக்கினார்கள். அதன் பின் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்துச் செல்லப்பட்டன. விலை வைத்ததால் அரசுக்கு வந்த காசு சொற்பம், பயனின்றிக் கிடந்த படங்களோ ஏராளம். இவ்வளவுக்குப் பிறகும் 2018-ல் மீண்டும் கட்டணம் விதிக்கலாமா என்று அங்கு ஆலோசனை நடந்தது. அது வேண்டாத யோசனை. இந்தப் படங்கள் அமெரிக்காவோடு நிற்பவையும் அல்ல. தமிழ்நாட்டு ஏரிகளின் நீர்ப்பரப்பையும் அதே படங்களில் அளக்கலாம், வடகிழக்குப் பருவமழை மேகம் வழிவிட்டால்!

ஆனால் படம் மட்டும் கையில் இருந்தால் போதாது. விவசாயத் துறை படம் எடுப்பது இலைகள் அடர்ந்த கோடையில். மரத்தடிப் பாதை அதில் மறைந்துவிடும். மேடு பள்ளமும் சரியாகப் புலப்படாது. இதற்கு அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 அளவுப் படங்கள் உள்ளன. 2009 முதல் புதிய வடிவில் இணையத்தில் இலவசமாகத் தரப்படுகின்றன. சம உயரக் கோடுகளும் விமானப் படமும் ஒரே தாளில் அடுக்கடுக்காக உள்ளன. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கி அச்சிடலாம்.

அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்று கொடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அப்போது அளவு மாறிவிடும். ஒரு சென்டி மீட்டருக்கு 240 மீட்டர் என்ற கணக்கு பொய்த்துவிடும். உள்ளபடியே அச்சிட்டு, அடியில் உள்ள அளவுக்கோட்டை அடிக்கோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மை தெளிக்கும் இயந்திரத்தில் அச்சிட்டால் மழையில் கரையக்கூடும். பிளாஸ்டிக் உறை அவசியம்.

மிகப் பெரிய சிக்கல் எல்லைதான். மேற்கு மாநிலங்களில் 640 ஏக்கர் சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். இன்றும் பல இடங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை போலக் கிடக்கின்றன. 2021-ல் வயோமிங் மாநிலத்தில் வேட்டைக்காரர் சிலர், தனியார் மண்ணில் கால் படாமல், மூலையில் ஏணி வைத்து ஓர் அரசு நிலத்திலிருந்து மறு அரசு நிலத்துக்குத் தாண்டினார்கள். அத்துமீறல் என்று வழக்கு வந்தது. 2025 மார்ச்சில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எவ்வளவு தெளிவான வான்படமும் அந்த மூலையைக் காட்டாது. நில நிர்வாகத் துறையின் உடைமை வரைபடத்தையும் ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

தனியார் பண்ணையாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். அச்சிட்ட தாளையும் பென்சிலையும் விவசாயியிடமே கொடுத்துவிடலாம். அறுவடையாகாத சோளம் எங்கே, மாடு மேயும் பட்டி எங்கே, எந்த வாயிற்கதவை மூடிவிட்டுப் போக வேண்டும் என்று அவரே குறித்துத் தருவார்.