மூன்று நாள் கெடு யாருக்காக?

புரத வடிவங்களை ஆராயும் ‘ரொசெட்டா அட் ஹோம்’ திட்டம் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பும் ஒரு பணியை முடிக்க, இயல்பான அமைப்பில் ஒரு கணினிக்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். முடித்துத் திருப்பி அனுப்ப அத்திட்டம் தரும் கெடு மூன்று நாள். கொல்லிமலையில் ஒரு கல்லூரி மாணவியின் வீட்டில் மடிக்கணினி தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு. பணி முடிவதற்குள் கெடு போய்விடும். சர்வர் அதே பணியை வேறொருவருக்கு அனுப்பியிருக்கும். அவர் முந்திக்கொண்டால் இவளுடைய எட்டு மணி நேரமும் வீண். பள்ளிப் பிள்ளை போடும் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்காமலா உலகம் முழுவதிலுமிருந்து தன்னார்வலர்களை அழைக்கிறார்கள்?

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்ததிலிருந்தே இந்தக் கெடு விவகாரம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இத்தனை கருவிகள் ஒரே மாநிலத்தின் சாதாரண வீடுகளுக்குள் போகின்றன. அவற்றின் ஓய்வு நேரத்தை அறிவியலுக்குத் தர விரும்பும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது மூன்று நாள் கெடு.

கொல்லிமலை நிலவரத்தைப் பாருங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அப்புறம் செம்மேடு. அங்கிருந்து உட்கிராமங்களுக்குப் பிரியும் பாதைகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். மழைக்காலத்தில் ஒரு மரம் மின்கம்பியில் சாய்ந்தால், ஆட்கள் வந்து வெட்டி அகற்றிக் கம்பியை இழுத்துக் கட்டும்வரை மின்சாரம் இல்லை. மடிக்கணினி கடைசியாகச் சேமித்த இடத்தில் கணக்கு நின்றுவிடும். மின்சாரம் வந்ததும் அங்கிருந்தே தொடரும். ரொசெட்டா போன்ற திட்டங்களை இயக்கும் ‘பாயிங்க்’ மென்பொருளை எழுதியவர்கள் அந்த ஏற்பாட்டை அழகாகச் செய்திருக்கிறார்கள். இணையமும் பணியை வாங்கும்போது ஒரு முறை, விடையை அனுப்பும்போது ஒரு முறை என இரண்டு தடவை கிடைத்தால் போதும். அறுந்து அறுந்து வரும் மின்சாரத்துக்கும் சிக்னலுக்கும் இதைவிடப் பொருத்தமான கணிப்பணி வேறு கிடையாது. ஆனால், கணக்கு நின்றாலும் சர்வரில் கெடு நிற்பதில்லை.

பழைய ஆட்களுக்கு நீண்ட கெடு தரும் விவேகம் இருந்தது. 1999 மே மாதம் பெர்க்லியில் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’, தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அதன் கெடு வாரக் கணக்கில் இருந்தது. ஆக்ஸ்போர்டின் ‘கிளைமேட் பிரெடிக்‌ஷன்’ திட்டம் தன் நீண்ட பருவநிலை மாதிரிகளுக்கு ஏறத்தாழ ஓராண்டு கெடு தந்தது. ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ 14 நாள் தருகிறது.

இதில் ஐன்ஸ்டைன் திட்டத்தின் கதையைத்தான் நான் எங்கும் சொல்வேன். 2010இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் இன்னொருவரின் கணினியும் சேர்ந்து ஒரு புதிய பல்சரைக் கண்டுபிடித்தன. அதற்கான தரவு அரெசிபோ தொலைநோக்கியில் பதிவானது 2007இல்! மூன்று ஆண்டுகள் வட்டில் கிடந்த தரவிலிருந்து ஒரு விண்மீன் கிடைத்திருக்கிறது. அறிவியல் மூன்று ஆண்டு காத்திருக்கும். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று வாரம் காத்திருக்காதா?

‘ஃபோல்டிங் அட் ஹோம்’ மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒரு பணியின் விடை வந்தால்தான் அடுத்த பணியே உருவாகும். ஒருவர் தாமதித்தால் சங்கிலி முழுவதும் நிற்கும். அங்கே குறுகிய கெடு நியாயம். ரொசெட்டாவும் 2020இல் கொரோனா அவசரத்தில் மூன்று நாளாகக் குறைத்தது. அதற்கு முன்பு ஒரு வாரத்துக்கும் மேல் தந்துவந்தது. அந்த நேரத்தில் குறைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. பெருந்தொற்று போய்விட்டது, கெடு மட்டும் போகவில்லை. அத்திட்டத்தின் பின்னால் இருக்கும் ஆய்வகத்தின் தலைவர் டேவிட் பேக்கர் 2024இல் வேதியியல் நோபல் பெற்றார். அந்தப் பெருமையில் பங்குள்ள தன்னார்வலர்களைத் திட்டம் நடத்தும் விதம் இதுதானா?

குறுகிய கெடுவை ஆதரிப்பவர்களின் வாதங்கள் பலவீனமானவை. கெடு நீண்டால் சர்வரின் தரவுத்தளம் வீங்கும் என்கிறார்கள். வீங்கட்டும்; வட்டின் விலை காலப்போக்கில் குறைந்துதானே வந்திருக்கிறது? பணிகளை அள்ளிக் குவித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் ஒரு கணினிக்கு இத்தனை பணி என்று வரம்பு வையுங்கள். ஒரே ஒரு பணியை வாங்கியவளை ஏன் தண்டிக்கிறீர்கள்? ஓட்ட நேரத்தை அமைப்பில் குறைத்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு பதில். நேற்று மடிக்கணினி வாங்கிய மாணவிக்கு அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று யார் சொல்லித்தருவார்கள்? உண்மையில் இந்த அவசரம், அறை நிறையக் கணினி வைத்து, முடித்த பணிகளுக்குக் கிடைக்கும் புள்ளிகளின் பட்டியலில் ஏறத் துடிப்பவர்களின் அவசரம். ஒரே பணியை இரு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் திட்டங்களில், ஜோடிக் கணினி தாமதித்தால் அவர்களுடைய புள்ளி தள்ளிப்போகிறது. அதற்காக ஏழை வீட்டுக் கணினிகளைக் கழித்துக்கட்டுவது அநியாயம்.

தீர்வு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. முதல் முறை அனுப்பும் பணிக்கு நீண்ட கெடு கொடுக்கலாம். அது தவறினால் மறுபிரதியை நம்பகமான, வேகமான கணினிக்குக் குறுகிய கெடுவுடன் அனுப்பலாம். பாயிங்க் சர்வரில் இதற்கு வசதி உண்டு.

இப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். கொல்லிமலையின் அடிவாரத்தில், புளியஞ்சோலைப் பக்கம் இறங்கினால் திருச்சி மாவட்டம். அங்குள்ள என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி நிறுவப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், செலவு 19 கோடி ரூபாய். 20 லட்சம் கருவிகளில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 20,000 மடிக்கணினிகள், தலா 40 கிகாஃப்ளாப்ஸ் என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஒரே நேரத்தில் ஓடினால் 800 டெராஃப்ளாப்ஸ். கெடுவை மாற்றுங்கள், தமிழ்நாடு தன் வீடுகளிலேயே இன்னொரு பரம் பொருளைக் கட்டிவிடும். மின்சாரச் செலவும் பெரிதல்ல. 50 வாட் மடிக்கணினி எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது.

விடை அடுத்த பணிக்குத் தேவைப்படாத எந்தத் திட்டத்திலும் குறைந்தபட்சக் கெடு 21 நாளாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் திட்டங்கள் இதைக் கேட்கவில்லை என்றால், நம் பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டாம். பாயிங்க் சர்வர் மென்பொருள் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகமோ திருச்சி என்.ஐ.டி.யோ 21 நாள் கெடுவுடன் ஒரு திட்டத்தை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும். முதல் பணிகளைக் கொல்லிமலைக்கு அனுப்பட்டும்.