ராத்திரி மூணு மணி டயப்பர்: ஒரு நீண்ட இழை

1/
போன மாசம் ஓபியில் ஒரு தாய். சிசேரியன் ஆகி பதினோராம் நாள். குழந்தையை எடை பார்க்கக் கொண்டுவந்தாங்க. பிறந்த எடையைத் தாண்டி 90 கிராம் கூடியிருந்தது. "சூப்பர்மா, பால் நல்லா இருக்கு"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அழுதுட்டாங்க. சந்தோஷத்துல இல்ல.

2/
"ராத்திரி ஒன்பது தடவை எந்திரிக்கிறேன் டாக்டர். பால் குடுக்க நாலு தடவை. மிச்சம் எல்லாம் துணி மாத்த."
துணி ஈரமான உடனே மாத்தலைன்னா சளி பிடிக்கும்னு வீட்ல சொல்லியிருக்காங்க. டயப்பர் போட்டா கால் வளைஞ்சிடும்னும் சொல்லியிருக்காங்க. கணவர் வேற ஊர்ல வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்பிடுவார்.

3/
இந்த இழை அந்த மிச்ச அஞ்சு தடவையைப் பத்தி. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.
ஒண்ணு: டயப்பர் போட்ட குழந்தை வெறும் யூரின் போனதுக்காக அதை எழுப்ப வேண்டாம்.
ரெண்டு: மோஷன் போனா தள்ளிப் போடக் கூடாது, உடனே மாத்தணும்.
மூணு: ராத்திரியில் மாத்தறது பெத்தவ வேலை இல்ல. வீட்ல இருக்கற வேற யாராவது செய்யணும்.
மூணாவதுதான் முக்கியம். ஆனா முதல் ரெண்டையும் புரிஞ்சுக்காம அங்க போக முடியாது.

4/
பச்சக் குழந்தைக்கு ராத்திரி பகல் கிடையாது. அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே ரெண்டு மூணு மாசம் ஆகும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். சிறுநீர்ப்பை சின்னது, அதனால மணிக்கு ஒரு தடவைகூட யூரின் போகும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை குடிச்ச கையோட கொஞ்சம் மோஷன் போறதும் சகஜம். வயிறு நிரம்பினா குடல் அசையும், அவ்வளவுதான். அது வயித்துப்போக்கு இல்ல.

5/
தோல் ஏன் சிவக்குது? நீண்ட நேர ஈரம் தோலை ஊற வைக்கும். மலத்துல செரிமான நொதிகள் இருக்கு. யூரினும் மலமும் சேரும்போது அந்த நொதிகள் இன்னும் வீரியமாகித் தோலை அரிக்கும். அதனாலதான் மோஷனுக்கு அவசரம், யூரினுக்கு அவ்வளவு அவசரம் இல்ல.

6/
இப்போ பாட்டி சொன்னதுக்கு வர்றேன். பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டின காலத்துல அந்தப் பேச்சு நியாயமானது. ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுக்கும், குழந்தை சில்லிட்டுப் போகும். 2.5 கிலோவுக்குக் குறைவா பிறந்த குழந்தைக்கு அது நிஜமாவே ஆபத்து. சளி வைரஸால வருது, ஈரத்தால இல்ல. ஆனா "ஈரத்துல போடாதே"ங்கறது துணிக்கு இன்னைக்கும் சரி. துணி கட்டினா நனைஞ்சதும் மாத்தித்தான் ஆகணும்.

7/
டயப்பர் வேற. உள்ளே இருக்கற ஜெல் தன் எடையைப் போல பல மடங்கு நீரை உறிஞ்சி வெச்சுக்கும், தோல் பக்கம் ஓரளவு காய்ஞ்சே இருக்கும். அதுக்காகப் பன்னெண்டு மணி நேரம் ஒரே டயப்பர் வேண்டாம். பச்சக் குழந்தை எப்படியும் ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா பாலுக்கு எந்திரிக்கும். அப்போ தொட்டுப் பாருங்க, கனமா இருந்தா மாத்துங்க. அதுக்கு நடுவுல தூங்கற குழந்தையைத் தொட வேண்டாம்.

8/
கால் வளையுமா? வளையாது. கர்ப்பப்பையில் மடங்கிக் கிடந்ததால எல்லாக் குழந்தைக்கும் பிறக்கும்போதே கால் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும். ஒன்றரை, ரெண்டு வயசுல தானா நேராகும். டயப்பர் போட்டாலும் போடாட்டியும்.

9/
செலவு? தெரியும். பகல்ல துணி, ராத்திரி மட்டும் டயப்பர்னு வெச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். அதுவும் முடியலைன்னா மெத்துனு ரெண்டு மடிப்புத் துணி கட்டுங்க. ரப்பர் ஷீட் படுக்கைக்கு அடியில போதும், குழந்தை இடுப்பைச் சுத்தி பிளாஸ்டிக் கட்டாதீங்க.

10/
எப்போ மாத்தறது? பாலுக்கு முன்னாடி. இல்லேன்னா ஒரு பக்கம் குடிச்சு முடிச்சு அடுத்த பக்கம் போடறதுக்கு நடுவுல. வயிறு நிறைய குடிச்ச பிறகு ரெண்டு காலையும் மேல தூக்கினா பால் எதுக்களிக்கும். குடிச்சதும் மோஷன் போயிட்டா, காலைத் தூக்காம பக்கவாட்டில் புரட்டித் துடைங்க.

11/
எப்படி மாத்தறது? டியூப் லைட் போடாதீங்க, சின்ன நைட் லாம்ப் போதும். கொஞ்சிப் பேச வேண்டாம், அதைக் காலையில வெச்சுக்கலாம். டயப்பர், பஞ்சு, வெதுவெதுப்பான தண்ணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்துல தயாரா இருக்கட்டும். கட்டில் விளிம்புல வேண்டாம், தரையில பாய் விரிச்சு அதுல மாத்துங்க. ஒரு கை எப்பவும் குழந்தை மேல இருக்கணும்.

12/
பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால துடைக்கணும். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னால இழுக்கக் கூடாது. தேய்க்காம ஒத்தி எடுங்க. பவுடர் வேண்டவே வேண்டாம், மூச்சுக்குள்ள போகும். தொப்புள்கொடி விழற வரை டயப்பர் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழ மடிச்சு விடுங்க. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவணும்.

13/
டயப்பர் ஒரு ரிப்போர்ட் மாதிரி. முதல் நாள் ஒரு தடவையாவது யூரின், ரெண்டாம் நாள் ரெண்டு, இப்படிக் கூடிக்கிட்டே போய் அஞ்சாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்துல ஆறுக்குக் குறையக் கூடாது. மலம் முதல்ல தார் மாதிரி கறுப்பு, அப்புறம் பச்சை, அஞ்சாம் நாள் வாக்கில் மஞ்சள். முதல் ரெண்டு மூணு நாள் செங்கல் கலர்ல கறை தெரியலாம். அதுக்குப் பிறகும் தெரிஞ்சா பால் பத்தலையோன்னு பார்க்கணும், வாங்க.

14/
நைட் லாம்ப் வெளிச்சத்துல கலர் தெரியாது. அதனால தினம் ஒரு தடவையாவது மோஷனைப் பகல் வெளிச்சத்துல பாருங்க. வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி, களிமண் மாதிரி இருந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. அதுவும் ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள்காமாலை போகலைன்னா, யூரின் துணியில மஞ்சளா கறை விட்டா, பித்தநாள அடைப்பா இருக்கலாம். அதுக்குச் செய்யற கசாய் அறுவை சிகிச்சை, குழந்தைக்கு 60 நாள் ஆகறதுக்குள்ள செஞ்சா நல்ல பலன் தரும். "வெயில்ல காட்டினா சரியாயிடும்"னு அந்த நாட்களைத் தொலைச்சிடாதீங்க.

15/
ஒரு விதிவிலக்கு. குறைமாசம், எடை குறைவு, பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தை: இவங்களை மூணு மணி நேரத்துக்கு மேல தூங்க விடாம பாலுக்கு எழுப்பணும். அப்போ டயப்பர் மாத்தறதே எழுப்பறதுக்கு நல்ல வழி.

16/
இப்போ மூணாவது விஷயம். பச்ச உடம்புக்காரின்னு நாம எவ்வளவு பார்க்கிறோம்! பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, லேகியம், காதுல பஞ்சு, தலைக்குத் துணி. ஆனா தூக்கத்துக்கு மட்டும் நம்ம வீட்ல பத்தியமே கிடையாது. வயித்துல தையலோட இருக்கறவ ராத்திரி ஒன்பது தடவை எந்திரிக்கிறா, "தாய்னா அப்படித்தான்"னு முடிச்சிடறோம்.

17/
தூக்கம் இல்லாத தாய்க்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம். கண்ணு சொக்கி, சேர்லயோ சோபாவிலயோ குழந்தையை மடியில வெச்சபடியே தூங்கிப் போனா குழந்தைக்கு மூச்சு முட்டும். இது குழந்தையோட பாதுகாப்புப் பிரச்சினையும்தான்.

18/
அப்பாக்கள் என்கிட்ட சொல்ற பதில்: "பால் நான் குடுக்க முடியாதே டாக்டர்." சரி. மத்தது எல்லாம் முடியுமே! குழந்தை சிணுங்கினதும் அப்பா எடுக்கணும். டயப்பர் மாத்தி அம்மா கையில குடுக்கணும். அம்மா படுக்கையை விட்டு எந்திரிக்காம பால் குடுப்பா. முடிஞ்சதும் அப்பா தோள்ல போட்டு ஏப்பம் எடுத்துப் படுக்க வைக்கணும். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அரைமணித் தூக்கமாவது மிஞ்சும்.

19/
இதைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்ல. என் மூத்தவ பிறந்தப்போ நான் குழந்தைகள் நல மருத்துவம் படிச்சிட்டு இருந்தேன். வார்டுல ஊர்க் குழந்தைகளுக்கு ராத்திரி பூரா முழிச்சிருப்பேன். வீட்டுக்கு வந்தா "டியூட்டி முடிச்சு வந்திருக்கேன்"னு தூங்கிடுவேன். என் மனைவியோட டியூட்டி எப்போ முடியும்னு ஒரு நாள்கூடக் கேக்கல. இன்னும் உறுத்துது.

20/
தலைப்பிரசவம் அம்மா வீட்லங்கறது நம்ம வழக்கம். அங்க பெரும்பாலும் ராத்திரி வேலை பாட்டி தலையில விழும். அறுபது வயசு, முட்டி வலி. அவங்களும் மனுஷிதான். தாத்தா, சித்தி, மாமா எல்லாரும் முறை போட்டுக்கலாம். கணவர் "மாமியார் வீட்ல எத்தனை நாள் தங்கறது"ன்னு கூச்சப்படாம தங்கணும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் வேலையில அப்படி ஒரு சட்டம் இல்ல, வரணும். அதுவரைக்கும் கல்யாணத்துக்குப் போக வெச்சிருக்கற லீவை இதுக்கு எடுங்க.

21/
அந்தப் பொண்ணோட கணவர்கிட்ட அன்னைக்கே போன்ல பேசினேன். "தம்பி, குழந்தை நல்லா இருக்கு. உங்க மனைவி நல்லா இல்ல"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

22/
ஒன்றரை மாசத் தடுப்பூசிக்கு மூணு பேரும் வந்தாங்க. குழந்தை டேபிள் மேலயே மோஷன் போயிடுச்சு. பாட்டி எந்திரிக்கிறதுக்குள்ள அவர் பையைத் திறந்து மாத்த ஆரம்பிச்சிட்டார். முன்பக்கம் பின்பக்கம் மாத்திப் போட்டு, டேப் ஒட்டாம முழிச்சார். அந்தப் பொண்ணு சிரிச்சாங்க. "ராத்திரில சரியாத்தான் போடறார் டாக்டர்."

23/
வீட்ல பிள்ளைப்பேறு எதிர்பார்க்கறவங்களுக்கு இதை அனுப்புங்க. முக்கியமா அப்பா ஆகப் போறவருக்கு.