பந்தை உதைக்கும் பிள்ளைக்குத் துணை நிற்போம்



பாடசாலை விட்டதும் பிள்ளை உதைபந்தாட மைதானத்துக்கு ஓடினால், "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்டுவிடுகிறோம். நாளெல்லாம் மலையில் கொழுந்தெடுத்துக் களைத்து வருபவர்களுக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் விதிக்குக் கட்டுப்படவும், தோல்வியைத் தாங்கவும், நேரத்தை மதிக்கவும் பிள்ளை அங்கேதான் பழகுகிறது.

விறகு பொறுக்கவும் தண்ணீர் எடுக்கவும் மகளை மட்டும் பயிற்சியிலிருந்து கூப்பிடாதீர்கள். மகனும் அந்த வேலையைப் பகிரட்டும். சப்பாத்து வாங்க வசதியில்லையா? வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போனவற்றைச் சேர்த்துச் சின்னவர்களுக்குக் கொடுப்போம். தலையில் அடிபட்டால் அன்று மீண்டும் ஆடவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கோட்டுக்கு வெளியே நின்று நடுவரையோ பிள்ளையையோ ஏசாதீர்கள். தானே கோல் போடாமல் பந்தைத் தோழனுக்குக் கொடுத்ததற்காகக் கோபிக்காதீர்கள். 11 பேர் சேர்ந்தால்தான் அணி. சங்கத்தில் நாம் கற்றதும் அதுதானே!

குண்டும் குழியுமான மைதானத்தைச் செப்பனிடும்படி நிர்வாகத்திடம் கேட்பது தோட்டக் கமிட்டியின் பொறுப்பு. அடுத்த கூட்டத்திலேயே தலைவரும் மாதர் தலைவியும் அதை எழுப்பட்டும்.

தோற்று வரும் நாளில் பிள்ளையிடம் கோல் கணக்குக் கேட்காதீர்கள். முதலில் தேத்தண்ணி கொடுங்கள்.