அருமையும் பெருமையும்

ஒரு செயல் அபூர்வமாக நிகழுமாயின் அதனை உடனே பெருஞ்செயலென்று கொண்டாடுதல் உலக வழக்கு. அருமை வேறு, பெருமை வேறு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டாரின் பேஸ்பால் ஆட்டம் இவ்வேற்றுமையை நன்கு விளக்குகின்றது. ஏனெனில், அந்நாட்டார் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் அடிகளையும் நூறாண்டுகளுக்கு மேலாகக் கணக்கிட்டுக் குறித்து வந்துள்ளனர்.

பந்தை வேலிக்கப்பால் அடித்து நான்கு தளங்களையும் சுற்றி வருதல் ஹோம் ரன் எனப்படும். ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர் மிகச் சிலரே. அமெரிக்க லீக், தேசிய லீக் என்னும் இரு பெருஞ் சங்கங்களில், 1894-இல் பாபி லோ என்பவர் முதன்முதல் அதனைச் செய்தார். அதுமுதல் 2025 முடிய 21 முறையே அது நிகழ்ந்துள்ளது. இக்காலத்தில் ஆண்டொன்றுக்குப் பொதுவாக 2,430 ஆட்டங்கள் நடைபெறுகின்றன என்பதை நினைப்பின் அதன் அருமை விளங்கும். ஆயினும், 2018 முதல் 2024 வரை ஒருமுறையேனும் நிகழாத அச்செயல் 2025-இல் மட்டும் மூன்று முறை நிகழ்ந்தது. அபூர்வங்கள் முறைவைத்து வருவனவல்ல. மழையைப் போலப் பொய்த்தும் பெய்தும் வருவன.

இதனினும் அரியது ஒன்றுண்டு. 1999-இல் பெர்னாண்டோ டாடிஸ், மூன்று தளங்களிலும் தம் கட்சியார் நிற்க அடிக்கும் ஹோம் ரன்னை, ஒரே இன்னிங்ஸில் இருமுறை அடித்தார். வேறெவரும் அதனைச் செய்ததில்லை. அடித்த திறம் அவருடையதே. ஆனால், இருமுறையும் தளங்களை நிரப்பித் தந்தவர் பிறர். அத்தகைய வாய்ப்பே பெறாத வீரர் எண்ணற்றவர்.

1941-ஆம் ஆண்டை நோக்குக. ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில், ஒன்றிலும் தவறாது, பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். அவற்றுள் 34 ஆட்டங்களில் அவர் அவ்வாறு அடித்தது ஒவ்வொரு முறையே. அவ்வாண்டிலேயே டெட் வில்லியம்ஸ், கடைசி நாட் காலையில் .39955 என்னும் சராசரியுடன் இருந்தார். ஆடாதிருப்பின் அது .400 எனவே கணக்கிடப்பட்டிருக்கும். அவரோ அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு வாய்ப்பில் ஆறு அடித்து, .406 பெற்றார். அதன்பின் அவ்விரு சங்கங்களில் எவரும் ஓராண்டு முழுதும் ஆடி .400 எட்டவில்லை.

டிமாஜியோவுக்கும் அதிருஷ்டம் துணைசெய்ததன்றோ எனச் சிலர் வினவலாம். செய்திருக்கலாம், ஆயின், இரண்டு மாதம் நாடோறும் அதிருஷ்டம் ஒன்றே துணைநில்லாது. எனவே ஒரு சாதனையை மதிப்பிடுங்கால், அஃது எத்தனை முறை நிகழ்ந்தது என்பதோடு நில்லாமல், அதற்குரிய வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டிற்று, செய்தவனுடைய பங்கு எவ்வளவு, எத்துணைக் காலம் அது நிலைத்தது என்பனவற்றையும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடையாக நிற்பது, கண்டோர் வியந்து ஆரவாரியாத அந்த 34 நாட்களின் ஒற்றை அடியே என்பது எமது கருத்து.